மிசினுக்குள் போன தோசைக்கல்

கல்யாணமாகி கடலூர் முதுநகருக்கு வந்த இரண்டாம் வருஷம், துறைமுக வேலைக்காக வந்திருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர் வீட்டில் நான் சமையலுக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில் அது. குமராட்சியில் நாற்று நட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த பங்களாவில் எல்லாமே புதிது. ஆனால் பாத்திரம் கழுவும் மிசினைப் பார்த்தபோது நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அடியில் சக்கரம். இன்ஜினீயரின் மனைவி துரைசாணி அம்மா எச்சில் தட்டுகளை உள்ளே அடுக்கி, ஏதோ தூளைக் கொட்டி, குழாயை மாட்டி மூடினார். உள்ளே தகரக் கூரையில் அடைமழை பெய்வதுபோல் ஒரு சத்தம். திறந்தபோது ஆவி முகத்தில் அடித்தது. தட்டில் ஈரமில்லை, பிசுக்கில்லை. யார் கையும் படவில்லை! என் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வெடித்த கை.

துரைசாணி அம்மாவுக்குத் தோசை மேல் ஆசை. பங்களாவில் இருந்த வாணலியில் மாவு ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. அதனால் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இரும்புத் தோசைக்கல்லை இரவல் வாங்கிப் போனேன். அக்காவின் வீட்டுக்காரர் மலேயாவில் கடை வைத்திருந்தார். கல் அக்காவின் நிக்காஹ் சமயத்தில் சிதம்பரம் கீழவீதியில் வாங்கியது. பன்னிரண்டு வருஷமாக எண்ணெய் குடித்துக் குடித்து, முகம் தெரிகிற அளவுக்குக் கறுத்திருந்தது.

அன்று அம்மா ஆறு தோசை சாப்பிட்டார். சாயங்காலம் கல்லை அடுப்பின் மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை அம்மா வாசலிலேயே காத்திருந்தார். "நான் கழுவினேன். சுத்தம்!" என்று மிசினைத் திறந்தார். எனக்கு வேலை மிச்சமாகட்டும் என்று அவரே உள்ளே வைத்திருக்கிறார்.

கல்லைப் பார்த்தேன். கறுப்பு ஒரு பொட்டுகூட இல்லை. மழையில் கிடந்த ஏர்க்கொழுபோல முழுக்கச் செங்கல் நிறத்தில் துரு. தொட்டால் விரலில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

கல்லைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நேராக அக்காவிடம் போனேன். மறைக்கவில்லை; நடந்ததைச் சொன்னேன். அக்கா சாக்கைப் பிரித்து, கல்லை விரலால் தடவிப் பார்த்தார்.

"யா அல்லா! பன்னெண்டு வருசத்துக் கறுப்ப ஒரே ராத்திரியில எடுத்துடுச்சா? கையால தேச்சா இப்படிப் போவாதேடி!"

"மன்னிச்சுக்குங்கக்கா. வேற கல்லு வாங்கித் தந்துடறேன்."

"கல்லு கெடக்குது, பழக்கிக்கலாம். எனக்கு அந்த மிசின காட்டு."

அடுத்த நாளே வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, கல்லையும் சாக்கோடு எடுத்துக்கொண்டு அக்கா என்னோடு பங்களாவுக்கு வந்தார். அம்மா தட்டுகளை அடுக்கி மிசினை ஓட விட்டார். அக்கா அதன் மேல் காதை வைத்துக் கேட்டார். வெந்நீரின் சூடு கன்னத்தில் ஏற ஏற அவர் கண்கள் விரிந்துகொண்டே போயின. "உள்ள ஒரு ஆறே ஓடுதுடி" என்றார்.

பிறகு அக்கா கல்லை எடுத்தார். அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் துருவைத் தேய்த்து எடுத்தார். அடுப்பிலேற்றி, புகை வரும்வரை காய்ச்சி, பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்த்தார். ஆறவிட்டு மறுபடியும். மறுபடியும். அம்மா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சாம்பல் நிறத்துக்கு நடுவிலிருந்து கறுப்பு மெல்லப் பரவுவதை, வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தோசை ஒட்டியது. இரண்டாவதும் ஓரத்தில் கிழிந்தது. அக்கா அசரவில்லை. மூன்றாவது, கரண்டி பட்டதும் வழுக்கிக்கொண்டு வந்தது.

அம்மா கைதட்டினார். அக்காவின் எண்ணெய்க் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு தன் மொழியில் ஏதோ சொன்னார். எங்களுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

"என்னக்கா சொல்றாங்க?" என்றேன்.

"தெரியல. நீ நாலாவத ஊத்து, பசியா இருப்பாங்க" என்றார் அக்கா.