முப்பத்தேழாம் நம்பர் பெட்டி

ஸ்பேனர் மூன்றாவது போல்ட்டில் ஏறியதும் வலது கை நிதானித்தது. இடது கை, கார் நிறுத்தக் கட்டணம் வாங்கும் அந்தப் பழைய பெட்டியின் முதுகைத் தாங்கிக்கொண்டது. துருப்பிடித்த போல்ட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்துவிடும். எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று தாஜா பண்ணித்தான் கழற்ற வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அந்தக் கைகளுக்கு.

கடைவீதியில் அவரை எல்லோரும் டாக்டர் என்பார்கள். பெட்டியில் காதை வைத்தே காசு எங்கே சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"என்ன டாக்டரே, நோயாளியைத் தூக்கிட்டுப் போறீங்க?" என்றார் பூட்டுக் கடைக்காரர்.

"பிழைக்க வெச்சவனே தூக்கணும்னு உத்தரவு."

உத்தரவு போட்டவன் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி; நகராட்சியில் இந்தப் பெட்டிகளுக்கு அதிகாரி. கல்லூரி நாட்களில் நாலு வருடம் இவர் வீட்டு முன்னறையில் படுத்துப் படித்தவன். போன வருடம் அதே அறையில் உட்கார்ந்து கேட்டான்.

"மாமா, ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன கோளாறுன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. அதைக் காட்டித்தான் உதிரி பாகம் கேக்க முடியும்."

"என் வண்டவாளம் எல்லாம் வெளிய வந்துடுமே மாப்ள."

"என்கிட்டதானே குடுக்கறீங்க."

மூன்று மாதம் உட்கார்ந்து நூற்று நாற்பது பெட்டிகளுக்கும் எழுதினார். முப்பத்தேழு: மழை பெய்தால் ரசீது வராது. ஐம்பத்திரண்டு: மதியத்துக்கு மேல் காசைத் துப்பும். கோளாறை மட்டுமே எழுதினார். முப்பத்தேழின் கதவிடுக்கில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியதையும், அதற்குப் பிறகு எந்த மழையிலும் ரசீது நிற்காததையும் எழுதவில்லை. வைத்தியம் தன் வேலை; அது மைத்துனனுக்கே தெரியும். அதை எழுதினால் பீற்றிக்கொள்வதுபோல் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

உதிரி பாகம் வரவில்லை. பட்டறைச் சுவரில் அறிக்கை வந்தது. நூற்று நாற்பதும் பழுது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், புதியவற்றை விற்கிற கம்பெனியே பராமரிக்கும், பழுதுபார்ப்பவர் பணியிடம் இனித் தேவையில்லை. இவர் எழுதிய வரிகள் எழுத்துப் பிசகாமல் அச்சாகியிருந்தன. கீழே மைத்துனன் கையெழுத்து. தேதியைப் பார்த்தார். அதற்கு மறுநாள்தான் அவன் வீட்டுக்கு வந்து, இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இதைப் பற்றி மூச்சுக்கூட விடாமல் போயிருந்தான்.

இன்று இவருக்குக் கடைசி நாள். இந்த முப்பத்தேழுதான் கடைசிப் பெட்டி.

நான்கு மணிக்குப் புதிய இயந்திரத்தை நிறுத்தி முடித்தார். வரைபடத்தில் இருந்தபடி திரை மேற்கே பார்த்தது. எதிரே நின்று பார்த்தார். சாயங்கால வெயிலில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனால் அடி விழப்போவது மைத்துனனுக்கு. கொஞ்ச நேரம் ஸ்பேனரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நான்கு போல்ட்டையும் திரும்பக் கழற்றி, இயந்திரத்தை வடக்கே திருப்பி இறுக்கினார்.

மைத்துனன் ஒப்படைப்புப் படிவத்தோடு வந்து இறங்கினான்.

"அக்கா போனே எடுக்க மாட்டேங்கறா மாமா."

"போன்ல கோளாறு இல்ல."

அவன் பேனாவை நீட்டினான். "மேல இருந்து சொன்னாங்க மாமா. நான் என்ன பண்ண முடியும்?"

"என்கிட்ட சொல்லியிருக்க முடியும்."

அவன் படிவத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "குறைகள்ங்கற இடத்துல ஒண்ணுமில்லைன்னு போட்டுடுங்க."

அவர் வாங்கி, புதிய இயந்திரத்தின் தலைமேல் வைத்து, நிதானமாக எழுதினார். 'மேற்கே பார்த்தால் மாலை வெயிலில் திரை தெரியாது. வடக்கே திருப்பி வைத்தேன். தெரிகிறது.'

"உன்னை நம்பி வைத்தியத்தை எழுதாம விட்டேன்," என்றார். "இந்தத் தடவை அதையும் எழுதியிருக்கேன்."

படிவத்தின் மேல் பட்டறைச் சாவியை வைத்து, இரண்டையும் அவன் கையில் கொடுத்தார்.