வராமல் போன ஏழாம் பாகம்

“நீங்கள் ஓர் ஏமாற்றுக்காரர்.”

போன மாதம் முகம் தெரியாத ஒருவருக்கு நான் எழுதிய வரி இது. இணையத்தில் அவருடைய ஒலிப்பதிவுக்குக் கீழே, எல்லோரும் படிக்கிற இடத்தில், என் பெயரைப் போட்டே எழுதினேன். “ஆறு பாகம் போட்டு ஆசை காட்டினீர்கள். ஏழாவதைக் கேட்டால் ஒரு வருஷமாக வாயே திறக்கவில்லை. இது ஏமாற்று வேலை.”

கோபத்தில் எழுதியதுதான். கோபமில்லாமல் நான் எதை எழுதியிருக்கிறேன்?

விஷயம் இதுதான். நான் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். சிரிக்க வேண்டாம். சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற ஆள் நான் என்பது இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். வேலைக்காகக் கற்கவில்லை. சின்ன விமானம் ஒன்றைச் சொந்த ஆசைக்கு ஓட்டுகிற லைசென்ஸ், அவ்வளவுதான். படப்பையில் வாங்கிப் போட்ட மனையை விற்றுச் சேர்ந்தேன்.

எங்கள் கம்பெனி பஸ் ஓட்டுகிற கோதண்டத்துக்குச் செய்தி எட்டிய அன்றே கேட்டார். “இன்னா சார், ஊரே பூமிய வாங்கினு கீது. நீ பூமிய வித்துட்டு ஆகாசத்த வாங்கினு வர்றியா? பட்டா குடுப்பானா?”

என் மனைவி அவ்வளவு கூடப் பேசவில்லை. மனை அவள் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பேனாவை மூடும்போது ஒன்றே ஒன்று சொன்னாள். “மொதல்ல எறங்கறதுக்குக் கத்துக்குங்க. ஏர்றதுக்கு இன்னா அவசரம்?”

பயிற்சிக் கழகம் மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. வார லீவில்தான் போக முடியும். மீதி ஆறு நாள்? இணையம்தான் வாத்தியார்.

அந்த வாத்தியாரைப் பற்றி என்னிடம் கேளுங்கள். டேட்டா கார்டைச் செருகிவிட்டு, சுற்றிச் சுற்றி நிற்கிற அந்த வட்டத்தைப் பார்த்தபடி எத்தனை மாலைகள் போயின... வீடியோ ஓட ஆரம்பித்தால் முதல் மூன்று நிமிஷம் பாட்டு. அடுத்த இரண்டு நிமிஷம் ஓட்டுகிற ஆளின் கூலிங் கிளாஸ். பிறகு பனிமலை. பனிமலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நூறு வீடியோ பார்த்த பிறகு எனக்கென்று ஒரு விதி செய்துகொண்டேன். தான் செய்த தப்பை முதலில் சொல்கிறவனை முழுக்கக் கேள். கூலிங் கிளாஸைக் காட்டுகிறவனை உடனே மூடு. விமானத்துக்கு மட்டுமல்ல, எந்தப் பாடத்துக்கும் இது பொருந்தும்.

அந்த விதிப்படி தேறியவர் ஓர் அமெரிக்கக் கிழவர். அருமையான குரல். அவருடைய பாட்காஸ்ட் முழுவதையும் இறக்கி மெமரி கார்டில் போட்டு, மூன்று மாதம் பஸ்ஸிலேயே கேட்டு முடித்தேன். அந்தத் தெம்பில், லைசென்ஸுக்கு வேண்டிய ரேடியோ பரீட்சைக்குப் போனேன்.

பரீட்சை எடுத்தவர், விமான நிலையக் கட்டுப்பாட்டு அறை பேசுகிற மாதிரிப் பேசினார். காற்றழுத்தம் ‘ஒன் ஸீரோ ஸீரோ எய்ட்’ என்றார். அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை வேலை. ஆனால் இங்கே மில்லிபாரில் சொல்கிற காற்றழுத்தத்தை அமெரிக்காவில் அங்குலத்தில் சொல்வார்கள். என் காதில் மூன்று மாதமாக அங்குலம்தான் ஓடியது. போதாததற்கு, மில்லிமீட்டரை அங்குலமாக மாற்றியே சம்பளம் வாங்குகிற ஆள் நான். அளவைக் கேட்டால் கை சும்மா இருக்காது. மனப்பாடமாக வைத்திருந்த அட்டவணையைக் கொண்டு மாற்றி, ‘ட்வென்டி நைன் பாயின்ட் செவன் செவன்’ என்றேன். பெருமையாக வேறு சொன்னேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “கணக்கு சரிதான். நீங்க எந்த நாட்டு ஆகாசத்துல பறக்கப் போறீங்க?”

ஃபெயில்.

அந்த வாரம்தான் அந்தத் தமிழ்க் குரல் கிடைத்தது. பெயர் இல்லை, படம் இல்லை. பின்னால் ஃபேன் ஓடும். நடுவே குக்கர் விசில் அடிக்கும். ‘நான் பல வருஷமா சொல்லிக் குடுக்கறவன். நான் பண்ண தப்பெல்லாம் வரிசையா சொல்றேன், நீங்க பண்ணாதீங்க.’ இதுதான் முதல் பாகத்தின் முதல் வாக்கியம். நான் வேறென்ன கேட்டேன்?

முதல் ஷிஃப்ட் பஸ் படப்பையைத் தாண்டும்போது கிழக்கே வெளுக்க ஆரம்பித்திருக்கும். எல்லோரும் தூங்குவார்கள். நான் கண்ணை மூடிக் குரலைத் திறப்பேன்.

‘கீழ பாருங்க. மேப்ல ஏரின்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. நம்ம ஊர்ல மே மாசத்துல ஏரி இருக்காது, கருவேல மரந்தான் இருக்கும். ரயில் பாதைய நம்புங்க, அது வத்தாது.’

எந்த அமெரிக்கன் இதைச் சொல்வான்?

‘பருந்து எதிர்ல வந்தா கீழ போகாதீங்க. அதுவும் கீழதான் பாயும். மெதுவா மேல போங்க.’

மெதுவாக மேலே போவேன். ஒரகடத்தின் ஷெட் கூரைகள் நீலமாக, சாம்பலாக, அடியில் நகரும். விற்பனைக்குப் போகக் காத்திருக்கும் புதுக் கார்கள் வெயிலின் முதல் கீற்றில் வரிசையாக மினுங்கும். எங்கள் பஸ்ஸே கீழே ஒரு மஞ்சள் பூச்சியாக ஊர்ந்துபோகும். அதற்குள் நானே உட்கார்ந்திருப்பேன். பனி மூட்டத்துக்கு மேலே சத்தமே இல்லை. லைன் இல்லை, ஓ.டி. இல்லை, சூப்பர்வைசர் இல்லை. குரல் மட்டும் கூடவே வரும்...

“சார்! கைய ஆட்டாத சார். பக்கத்துல குந்தினுகீற ஆளு மெரள்றான்,” என்று கோதண்டம் கண்ணாடியில் பார்த்துக் கத்தினால்தான் தரைக்கு வருவேன்.

அந்த ஆறு பாகத்தில் நம் ஊர் ரேடியோப் பேச்சும் இருந்தது. அதை வைத்தே ரேடியோ பரீட்சையை இரண்டாம் முறை பாஸ் பண்ணினேன். ஆறாவது இப்படி முடியும்: ‘காத்து குறுக்க அடிச்சா எப்படி எறங்கறது? ஏழாவதுல பாப்போம்.’

பார்க்கவே இல்லை. எனக்கு வராததும் அதுதான். பக்கவாட்டில் காற்று அடித்தால் என் விமானம் நண்டு மாதிரி நகர்ந்து ஓடுபாதையை விட்டு விலகும். எங்கள் பயிற்றுநர் நல்லவர்தான், ஆனால் “ரட்டர்! ரட்டர்!” என்று கத்துவதைத் தவிர அந்த நேரத்தில் அவருக்கு வார்த்தை வராது. மூக்கைத் திருப்புகிற கால் மிதி அது. எந்தக் கால், எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் தரை வந்துவிடும். போன மாதம் தீர்த்துச் சொல்லிவிட்டார். “இன்னும் ரெண்டு வாரம் பாப்பேன். அப்பவும் வரலன்னா உங்கள தனியா விட மாட்டேன். வேற ஏதாவது பொழுதுபோக்கு பாத்துக்குங்க.”

அன்று மாலை எழுதியதுதான் அந்த ‘ஏமாற்றுக்காரர்’.

மூன்றாம் நாள் ஒரு மெயில் வந்தது, நம்பர் கேட்டு. ஞாயிறு காலை போன் அடித்தது. அதே குரல். பின்னால் அதே ஃபேன்.

“வணக்கம். நாந்தான் அந்த ஏமாத்துக்காரன் பேசறேன்.”

“ஏழாவது பாகம்...” என்றேன்.

“ரெக்கார்ட் பண்ணி ஒரு வருஷமாச்சு. போடத்தான் விடல.”

அவர் வேறொரு கழகத்தில் பயிற்றுநர். அங்கிருக்கிற செயலாளர் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிட்டாராம். கூப்பிட்டுச் சொன்னாராம்: “ஓசியில சொல்லிக் குடுத்தா நம்ம கிளாஸுக்கு எவன் வருவான்? நிறுத்து. இல்லன்னா வேலைய விட்டுடு.”

“ரெண்டு புள்ளைங்க படிக்குது சார். நிறுத்திட்டேன். போட்ட ஆறையும் எடுக்கச் சொன்னாங்க... மறந்த மாதிரி இருந்துட்டேன்.”

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. “அந்த கமென்ட்ட எடுத்துடறேன்” என்றேன்.

“வேணாம். அதுக்குக் கீழ எத்தன பேரு ‘ஆமா, எங்கே?’ன்னு கேட்டிருக்காங்க பாத்தீங்களா? அது இருக்கட்டும். நீங்க பத்திரிகையில எழுதறவராமே? எழுதுங்க. என் பேரு, கிளப் பேரு ரெண்டும் வேணாம். ஃபைலும் அனுப்ப மாட்டேன், அனுப்பினா நீங்க ஊருக்கே அனுப்புவீங்க. இப்ப கேட்டுக்குங்க. ஏரிக்கரையில பைக் ஓட்டியிருக்கீங்களா?”

“தெனமும். கம்பெனி பஸ் புடிக்கவே அந்த வழிதான்.”

“காத்து இடது பக்கத்துலேர்ந்து தள்ளினா என்ன பண்ணுவீங்க?”

“காத்து வர்ற பக்கமே சாய்வேன்.”

“ரோட்டப் பாத்துதானே போவீங்க? அவ்ளோதான் சார். எறக்கையக் காத்து மேல சாய்ங்க. சாஞ்சா மூக்கும் அந்தப் பக்கம் போகப் பாக்கும். எதிர்க் கால மிதிச்சு நேரா புடிங்க. மொதல்ல ஒத்தச் சக்கரந்தான் தொடும். பயந்துடாதீங்க, அதான் சரி.”

நான்கு நிமிஷம். ஒரு வருஷமாக நான் காத்திருந்தது இந்த நான்கு நிமிஷத்துக்குத்தான்.

போன ஞாயிறு பயிற்றுநரோடு மூன்று முறை இறங்கினேன். இடது சக்கரம் முதலில், பிறகு வலது. அவர் கத்தவில்லை. மூன்றாம் முறை விமானத்தை நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கினார். “ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க.”

பக்கத்து ஸீட்டில் பெல்ட்டை மட்டும் மாட்டி வைத்துவிட்டுப் போனேன். ஆள் எடை குறைந்ததில் விமானம் என்னைக் கேட்காமலே எழும்பியது. கீழே வயல், கால்வாய், கோயில் குளம்... எதற்கும் அவசரமில்லை. யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக எனக்கு யார் மேலும் கோபம் வரவில்லை. பத்து நிமிஷம் இருக்குமா? இருக்கும்.

இறங்கியதும் கோபம் திரும்பி வந்துவிட்டது.

ஏனென்றால் எனக்குப் பாடம் கிடைத்தது நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதால், ஊர் கேட்கக் கத்தியதால். என் வரிக்குக் கீழே ‘ஆமா, எங்கே?’ என்று ஒற்றை வரி எழுதிவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு எந்த ஞாயிறு போன் வரும்?

ஏமாற்றுக்காரர் அவரில்லை. ஆகவே, செயலாளரே, உங்களைத்தான் கேட்கிறேன். பெயர் போடவில்லை, படிக்கும்போது உங்களுக்கே தெரியும். இறங்கத் தெரியாமல் ஒருவன் மேலே தவிப்பதில் உங்கள் கழகத்துக்கு என்ன வருமானம்? எனக்குத் தனியாக போன் பண்ண வேண்டாம். இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டு, பதில் எழுதுங்கள்.