எங்கள் வீட்டுப் போர் இயந்திரம்

மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொண்டு நான் செய்யாத வேலை இல்லை. ஹோட்டல் மெனு, திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிற படகுக்காரரின் துண்டுப்பிரசுரம், தண்ணீர்க் குழாய் பதிப்பது பற்றிய அறிக்கை, எல்லாம் பாலையூற்றில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து செய்ததுதான். ஆனால் போன வருசம் வந்ததைப் போல ஒரு வேலை அதற்கு முதல் வந்ததில்லை. கைபேசியில் விளையாடுகிற ஒரு விளையாட்டு. அதில் ஒரு போர் இயந்திரம் வருகிறது. மனித உருவம், உலோக உடம்பு, சண்டைக்கென்றே செய்யப்பட்டது. அது பேசுகிற இருநூறு வசனத்தையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

விளையாட்டு இப்போது வெளிவந்துவிட்டது. அதில் அந்த இயந்திரத்தின் ஒரே ஒரு வசனம் மட்டும் வேறொருவரின் குரலில் இருக்கும். காது கூர்மையானவர்கள் சிலர் ஏன் என்று கேட்டார்களாம். அதற்கான பதிலை நான் விளையாட்டைச் செய்த பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

வசனங்களோடு அதன் குணத்தையும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் தர்க்கமாகவே யோசிக்கும். கோபம் கிடையாது, பயம் கிடையாது. கட்டளை கிடைத்தால் செய்யும். கடைசி வரியில், உள்ளுக்குள் மனிதனாக வேண்டுமென்ற ஏக்கம் உண்டு, ஆனால் அது எந்த வசனத்திலும் வெளியே தெரியக்கூடாது என்று இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. தெரியக்கூடாத ஒன்றை நான் எங்கே கொண்டுபோய் எழுதுவது? கொழும்பில் இருக்கிற பொறுப்பாளர் பெண்ணிடம் கேட்டேன். அதுதான் அக்கா அழகே என்று பதில் வந்தது. அழகாம். வந்த எரிச்சலில் இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் காலை என் மனுசனைக் கடைக்கு அனுப்பினேன். தேங்காய் ஒன்று, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் என்றேன். "தேங்காய் ஒண்டு, கறிவேப்பிலை, பெருஞ்சீரகம்," என்று அதே ஒழுங்கில், ஏற்றமோ இறக்கமோ இல்லாத குரலில் திருப்பிச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். நான் அகப்பையோடு குசினி வாசலில் நின்று அவர் முதுகையே பார்த்தேன். இருநூறு வசனத்துக்கு ஆள் வீட்டிலேயே இருக்கிறார்.

அவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. பெரிய கப்பல் உள்ளே வரும்போது கயிறு கட்டி இழுத்தும், பக்கவாட்டில் முட்டித் தள்ளியும் இறங்குதுறையில் சேர்க்கிற சின்னப் படகு. அதில் தமிழ், சிங்களம், இங்கிலீசு என்று மூன்றும் கலந்துதான் கதை. இயந்திரச் சத்தம் வேறு. அதனால் மேலே நிற்கிற கப்டன் வாக்கிடோக்கியில் என்ன சொன்னாலும், கீழே கயிற்றில் நிற்பவர் சொல் பிசகாமல் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கயிறை இளக்கு என்றால், கயிறை இளக்கு. அப்போதுதான் சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். திருப்பிச் சொல்லிவிட்டால், வேறு கட்டளை வரும்வரைக்கும் அதுதான் சட்டம். சரியாகத் திருப்பிச் சொல்லாத ஒருவருக்கு இரண்டு விரல் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் அவர்.

அந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்து குந்தி இருபது வருசம். ஆரம்பத்தில் சிரித்தேன், பிறகு கிளிப்பிள்ளை என்று பகிடி பண்ணினேன், பிறகு காதில் போட்டுக்கொள்வதை விட்டுவிட்டேன். மற்றப்படி கேட்டதற்கு மட்டும் பதில். கறிக்கு உப்புப் போதுமோ என்றால், போதும். சேலை எப்படி என்றால், நீலம். இப்படி ஒரு மனுசனோடு குடும்பம் நடத்தியவளுக்கு இயந்திரத்தின் பேச்சு ஒரு கிழமையில் வந்துவிட்டது. தளபதி அதனிடம் களைத்துவிட்டாயா என்று கேட்கிற இடத்தில், "களைப்பு என்னில் பொருத்தப்படவில்லை" என்று எழுதினேன். கொழும்புப் பெண் துள்ளிக் குதித்தாள். எப்படி அக்கா இவ்வளவு இயல்பாக வருகிறது என்று கேட்டாள்.

எழுத எழுத எனக்குத்தான் குழப்பம் கூடியது. அந்த இயந்திரத்தில் எனக்கு இரக்கம் வந்துகொண்டிருந்தது. பேசாமல் நிற்கிற இடத்திலெல்லாம் அது எதையோ நினைக்கிறது என்று நானாகவே நம்பினேன். அதே மாதிரிப் பேசாமல் எனக்கு எதிரே இருந்து சோறு சாப்பிடுகிற மனுசனைப் பற்றி அப்படி ஒருநாளும் நம்பியதில்லை. கதையில் வருகிற தகரத்துக்கு உள்ளம் உண்டு, என் மனுசனுக்கு இல்லையா? இருந்தால் நான் ஏன் காணவில்லை? வசனத் தாள்களை மூடிவைத்துவிட்டு இதையே யோசித்துக்கொண்டு இருப்பேன்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. எழுதக் கை வராத காரணம்.

பதினொரு வருசத்துக்கு முன் எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. முப்பத்தோராம் நாளில்தான் பெயர் வைப்பது எங்கள் வழக்கம் என்பதால், ஆஸ்பத்திரிச் சீட்டில் என் பெயரைப் போட்டு, இன்னாரின் குழந்தை என்று மட்டும் எழுதியிருந்தார்கள். நான் கட்டிலில் கிடந்தேன். அவரும் என் அண்ணாவும்தான் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முதலில் இருந்து சொல்ல வேண்டும். கடைசி ஆளும் போன பிறகு நான் குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டு அவரிடம் சொன்னேன், "இனி என்னோட அந்தக் கதை எடுக்காதேங்கோ."

"இனி உம்மோட அந்தக் கதை எடுக்கமாட்டன்," என்றார்.

எடுக்கவே இல்லை. முதல் வருசம், என்னை நோகடிக்கக்கூடாதென்று இருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் வருசம் அந்தத் திகதியில் ஏதாவது சொல்லுவார் என்று காலையில் இருந்து காத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் மறந்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். இந்த மனுசனுக்கு அழவே தெரியாது, நான் இவ்வளவு காலமும் தனியாகத்தான் அழுதேன் என்ற எண்ணம் என்னில் ஊறிப்போனது. நேரே கேட்டிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

எழுதி முடித்ததும் குரலுக்கும் ஆள் தேடினார்கள். சும்மா ஒரு மாதிரிக்கு அவரை நாலு வரி வாசிக்க வைத்து அனுப்பினேன். இவர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். அவரிடம் சொன்னபோது, "இருநூறு வசனம் வாசிக்கவேணும்," என்று திருப்பிச் சொன்னார். அவ்வளவுதான் சம்மதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படுக்கை அறையில் பதிவு செய்தோம். எதிரொலி கேட்காமல் இருக்க அலுமாரிக் கதவுகளைத் திறந்துவைத்து, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, விசிறியையும் நிறுத்தினேன். இரண்டு பேருக்கும் வேர்த்து ஊற்றியது. பேக்கரிப் பாண் விற்கிற ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் வந்தது. அது போகும்வரை காத்திருந்தோம். பிறகு அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். ஒரு பிழை இல்லை. எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கடைசிப் பகுதியில் யுத்தம் முடிந்து கனகாலம் ஆகிவிடும். அந்த இயந்திரம் இடிந்துபோன ஒரு வீட்டு வாசலில் இன்னும் காவல் நிற்கும். வழியால் போகிற ஒரு பெண், ஏன் இன்னும் நிற்கிறாய் என்று கேட்பாள். அதற்கு அது சொல்ல வேண்டியதை நானே, இந்தக் கையால்தான் எழுதியிருந்தேன். "நிற்கச் சொன்னார்கள். அந்தக் கட்டளையை இன்னும் யாரும் மீட்டுக்கொள்ளவில்லை."

அவர் வாசிக்கவில்லை. இடம் தவறிவிட்டது என்று நினைத்து விரலால் வரியைக் காட்டினேன். தாளை மடித்துக் கட்டிலில் வைத்தார். கைபேசியில் பதிவு ஓடிக்கொண்டே இருந்தது.

"இதை வாசிக்க ஏலாது," என்றார்.

ஏலாது என்ற சொல்லை அவர் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீர்தானே சொன்னனீர், அந்தக் கதை எடுக்கவேண்டாமெண்டு."

நான் முதலில் விளையாட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். எந்தக் கதை, நான் எப்போது சொன்னேன் என்று தாள்களைப் புரட்டினேன். அவர் குசினிச் சுவர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்ததைக் கண்ட பிறகுதான் விளங்கியது. விளங்கியதும் வந்தது கோபம்தான். பதினொரு வருசம். பெற்றவள் வயிறெரிந்து சொன்னதைக் கப்டனின் கட்டளையாக எடுக்கிற மனுசனும் உலகத்தில் உண்டா? ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் அன்றைக்குத் திருப்பிச் சொன்னாரே. நான் அதைக் கேட்டேனே. கேட்டுவிட்டு, இந்தக் கிளிப்பிள்ளைக்கு இதுவும் ஒன்றுதான் என்று நினைத்தேனே. அவர் சொன்ன சொல்லைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார், நான் அவர் அதை மீறுவார் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். யாரில் கோபப்படுவது என்று எனக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்பதா, கட்டிப்பிடித்து அழுவதா? இரண்டும் வரவில்லை. வந்தது இதுதான்:

"இனி அந்தக் கதை எடுக்கலாம்."

"இனி அந்தக் கதை எடுக்கலாம்," என்றார்.

உடனே எடுத்துவிடவும் இல்லை. எழும்பி விசிறியைப் போட்டார். வந்து கட்டிலில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். புதைக்கப் போன இடத்தில், பெயர் ஒன்று சொல்லாமல் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று அண்ணா கேட்டாராம். அந்த நேரத்தில் என்னிடம் வந்து கேட்கவும் வழியில்லையாம். என் மனுசனே ஒரு பெயரைச் சொல்லி மண் போட்டாராம். பிறகு என்னிடம் சொல்லத்தான் இருந்தாராம், அதற்குள் நான் அந்தக் கதை வேண்டாம் என்றுவிட்டேனாம். என்னைக் கேட்காமல் என் பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டதுதான் இத்தனை வருசமும் அவரை அரித்திருக்கிறது. கேட்டிருந்தால் நான் வேறு பெயர் சொல்லியிருப்பேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தாராம். இவ்வளவையும் கயிறு கட்டுவதை விவரிக்கிற அதே குரலில்தான் சொன்னார். கண்ணால் மட்டும் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். சின்னப் பெயர். அதை இங்கே எழுதமாட்டேன்.

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் பிடிபடவில்லை. நல்ல பெயர் என்று சொல்ல வேண்டுமா? அழ வேண்டுமா? அவர் இமைக்காமல் என் வாயைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அந்தப் பெயரை நான் திருப்பிச் சொன்னேன்.

"ஓம்," என்றார்.