போன சீசன் டின்

என் வீட்டு அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்குப் பின்னால், லேபிள் ஒட்டாத ஒரு தகர டின் நிற்கிறது. உள்ளே மாம்பழக் கூழ். திருப்பதிக்குக் குடிவந்த நாளிலிருந்து அதை யாரும் தொடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். "துன்றதுக்கும் இல்ல, தூக்கிப் போடறதுக்கும் இல்ல, எதுக்குத்தான் வெச்சிக்கினு இருக்கியோ" என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிக்கும்போது கணவர் சலித்துக்கொள்வார். காரணம் சொல்லிச் சொல்லி எனக்கும் அலுத்துவிட்டது.

சித்தூரில் நான் வேலை பார்த்த கூழ் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. சீசனின் கடைசி நாளில் அடைத்த டின்களில் சிலவற்றை முதலாளி தன் அறையில் எடுத்து வைப்பார். மறு வருஷம் முதல் லோடு மாங்காய் வந்து இறங்கியதும் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அதில் ஒன்றைத் திறப்பார். லாரி டிரைவரிலிருந்து, கூழைச் சோதிக்கும் லேபில் இருந்த நான் வரை ஆளுக்கொரு வாய். அதன் பிறகுதான் பாய்லரைப் பற்றவைப்பார்கள். "ஒரு வருசம் கெடாம நின்னுக்கினு இருக்குது பாரு" என்பார், தன் பிள்ளை பரீட்சையில் தேறிவிட்டது போல. அவருடைய அப்பா தொடங்கிய தொழிற்சாலை அது. வளைகுடா வியாபாரிகள் வந்தாலும் அந்த டின்னைத் திறந்து கொடுப்பதுதான் அங்கே பெரிய மரியாதை. அவர்களும் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ருசித்துப் பார்த்து, ஆர்டர் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பிறகு அவர்கள் வருவது நின்றது. வாங்குகிறவர்கள் எங்கோ உட்கார்ந்துகொண்டு, பல நாட்டுச் சாம்பிள்களை ஒரே வாரத்தில் வரவழைத்து மெஷினில் வைத்துப் பார்த்தார்கள். எங்களோடு போட்டி போட்டவை மேப்பில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஊர்கள். டின்னும் அவர்களுக்கு வேண்டாம். டிரம்முக்குள் வைக்கும் பெரிய பைகளில் நிரப்பித் தர வேண்டும். முதலாளியின் மகள் அதற்கென்று புது மெஷின் போட்டார். அந்த வருஷம் ஐரோப்பாவிலிருந்து ஒரு பெரிய கம்பெனி சாம்பிள் கேட்டது. அந்த ஆர்டர் வந்தால் அடுத்த சீசன் ஓடும், வராவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான் என்பது வாட்ச்மேன் வரை தெரியும். நான் புதுக் கூழைச் சோதித்துக் கொடுத்தேன். பார்சலை முதலாளி தன் கையாலேயே கட்டினார்.

பதில் மெயிலில் வந்தது. நிறம் மங்கியிருக்கிறது, சரக்கு பழையது, வேறு நாட்டில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மகள் நேராக அப்பாவின் அறைக்குப் போனார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"நைனா, அவங்க புதுசுதானே கேட்டாங்க? நீ எதை அனுப்பின?"

"போன சீசன் டின்னும்மா. புதுசு யாருதா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கும். நம்முது ஒரு வருசம் நிக்குதுன்னு அவங்களுக்குத் தெரிய வேணாமா?"

"அவங்களுக்கு அது பழைய சரக்கு, நைனா."

எனக்கு வந்த கோபம் இன்றும் முழுதாகப் போகவில்லை. வந்த விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதையை, முகம் தெரியாத மெஷினுக்குக் கொடுத்து எங்கள் எல்லோருடைய பிழைப்பையும் அந்தப் பார்சலில் கட்டி அனுப்பிவிட்டாரே! ஆனால் புதுக் கூழ் போயிருந்தால் மட்டும் பிழைத்திருப்போமா? அந்தக் கம்பெனி முதலிலிருந்தே ரேட்டைக் குறைக்கச் சொல்லி நெருக்கிக்கொண்டுதான் இருந்தது என்று மகள் பின்னால் சொன்னார். ஒருவேளை இன்னும் ஒரு சீசன் ஓட்டியிருப்போம். இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

அந்த சீசனோடு மூடினார்கள். கடைசி நாளில் அடைத்த டின்களை முதலாளி ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். என்னிடம் நீட்டும்போது, "பத்திரமா வெய்யிம்மா. மொத லோடு வர்ற அன்னிக்குத் தெறக்கலாம்" என்றார். பழக்கத்தில் வந்த பேச்சு. சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளுக்கு டின்னை எடுத்தார்.

இப்போது நான் திருப்பதியில் ஒரு குடிநீர் கம்பெனி லேபில் இருக்கிறேன். தண்ணீருக்கு சீசன் கிடையாது. போன வாரம் பஸ்ஸில் வரும்போது, கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரி ஒன்று வேறு ஏதோ தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து டின்னை இறக்கி, லேபில் செய்வது போலவே ஸ்பூனால் தட்டிப் பார்த்தேன். கெட்ட டின் போல உப்பவில்லை. சத்தமும் சுத்தமாக இருந்தது. துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தேன்.

"இந்த வருசமாவது தெறப்பியா?" என்றார் கணவர்.

"லோடு வரட்டும்" என்றேன்.