அக்காவின் வலது கால்

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். பத்தொன்பது வருஷமாக ஒரே டிப்போ. அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் எனக்குத் தையல் வேலை. இரண்டு பேருக்கும் மிதித்தால்தான் சோறு என்று கிண்டல் செய்வாள்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம் அவள். மூன்று வருஷத்துக்கு முன்னால், இடுப்பு வலிக்கும் பின்னால் நின்று ஹாரன் அடிக்கிறவர்கள் மேல் வருகிற கோபத்துக்கும் சேர்த்து யாரோ ஜென் தியானம் என்று சொல்லிவைக்க, பெயின்ட் கடை மாடியில் ஞாயிறு காலைகளில் கூடுகிற பத்துப் பேரோடு சேர்ந்துகொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, பலன் தெரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்ததும் தோள் காதுவரைக்கும் ஏறிவிடுவதை அவளே கண்டுபிடித்து இறக்கிக்கொண்டாள். சிக்னலில் பல்லைக் கடிப்பதை விட்டாள். பாத்திரம் தேய்க்கும்போதுகூட, "உள்ளங்கையில தண்ணி எப்படி ஓடுதுன்னு பார்த்திருக்கியாடி?" என்பாள். "பார்த்தது போதும், குழாயை மூடு" என்பேன்.

ஒரு ஞாயிறு முழுநாள் தியானம். நாற்பது நிமிஷம் வீதம் ஆறு தடவை. வந்தவள் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள்.

திங்கள் காலை ஆறு மணிக்கு டிப்போவிலிருந்து போன் செய்தாள். "பஸ்ஸை எடுக்கலடி. சாவியைத் திருப்பிக் குடுத்துட்டேன். நீ கொஞ்சம் வா."

நின்ற பஸ்ஸில் ஏறி இன்ஜினைக் கிளப்பியிருக்கிறாள். வலது பாதம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறது, ஆனால் மேலே எழும்ப மாட்டேன் என்கிறது. இன்ஜின் பாட்டுக்கு உறும, தொடையைக் கையால் பிடித்துத் தூக்கித்தான் காலை எடுத்தாளாம். விடியற்காலையில் வீட்டுப் படி இறங்கும்போதே அந்தக் கால் செருப்பு தரையில் தேய்ந்திருக்கிறது. என்னிடம் மூச்சு விடவில்லை.

எங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு காலையில், வலது காலில்தான் ஆரம்பித்தது. பக்கவாதம். நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச்சேர்ந்தாள். டாக்ஸியில் நாங்கள் இரண்டு பேரும் அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. "வண்டி ஓட்டாம நான் என்னடி பண்ணுவேன்?" என்று மட்டும் அக்கா கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சிரிக்கச் சொன்னார், இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார், ஸ்கேனும் எடுத்தார்கள். கடைசியில் வலது முட்டிக்குக் கீழே வெளிப்பக்கமாக விரலால் தட்டினார். அக்கா துள்ளினாள்.

"நேத்து என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல டாக்டர். சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"எப்படி?"

"மண்டி போட்டு, குதிகால் மேல."

எவ்வளவு நேரம் என்பதையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கால் மரத்துப் போகலயா?"

"ரெண்டாவது தடவையே மரத்துச்சு."

"அசைச்சிருக்கலாமே! அங்க அசையவே கூடாதா?"

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தாள். "அசையலாம். கைகூப்பித் தலை வணங்கிட்டு அசைஞ்சுக்கலாம். அதான் முறை."

"அப்புறம் என்ன?"

"மூணு வருஷமா நான் ஒருதடவைகூட வணங்கினதில்ல டாக்டர். பக்கத்துல உட்கார்ற வக்கீலும் வணங்க மாட்டார்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உடம்பைக் கவனிக்கப் போன மகராசி, கால் கதறுவதைக் காதில் வாங்கிக்கொண்டே, ஒரு வக்கீலோடு போட்டி போட்டுப் பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்!

"மூளையில ஒண்ணுமில்ல. முட்டிகிட்ட போற நரம்பு நசுங்கியிருக்கு, அவ்வளவுதான். சில வாரத்துல சரியாயிடும். அதுவரைக்கும் பஸ் வேண்டாம். மண்டி எப்பவுமே வேண்டாம்."

வயிற்றில் பால் வார்த்தார் அந்தப் புண்ணியவதி. அக்கா சிரித்தாள், உடனே அழுதாள், மறுபடி சிரித்தாள். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று தள்ளுவண்டியோடு வந்த நர்ஸைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். நான் திட்ட வேண்டியதை எல்லாம் வீட்டுக்குப் போய்த் திட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நாற்காலியில்தான் உட்கார்ந்தாளாம். பத்தாவது நிமிஷம் பாதம் கனக்க, கைகூப்பி வணங்கிக் காலை நீட்டியிருக்கிறாள். மறு நொடியே வக்கீலும் வணங்கிவிட்டாராம். அவருக்கு அந்தப் பக்கம் வரிசையே வணங்கி, அறை முழுக்க மெத்தைகள் சரசரத்தனவாம். ஒவ்வொருத்தரும் அடுத்தவர் அசையட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். என்ன ஜென்னோ!

ஐந்து வாரம் கழித்து டிப்போவில் காலைச் சோதித்துச் சாவியைக் கொடுத்தார்கள். முதல் நாள் நானும் டிக்கெட் எடுத்து முன் இருக்கையில் உட்கார்ந்தேன். அவள் வலது பாதம் அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. மிதித்தது, எழும்பியது, பிரேக்குக்கு மாறியது. ஐம்பது நிமிஷமும் அதைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கினார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் கட்டையாக மரத்திருந்தன.

"என்னடி ஆச்சு?" என்று ஓடிவந்தாள் அக்கா. எதிரே உட்கார்ந்து, என் கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். "எப்போலேர்ந்து?"

"நீ வண்டியை எடுத்ததுலேர்ந்து."

"அசைச்சா என்னடி? வண்டி நின்னுடுமா?"

அப்படித்தான் பயந்திருந்தேன் என்று சொன்னேன். சொன்னதும் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.