மூன்றாவது தாழ்ப்பாள்

“இந்தக் கதவு திறக்குதேயில்லை, அப்பப்பா! பட்டனெல்லாம் குழப்பம். பயமே போயிட்டுது,” என்று பேத்தி பேய் வீடியோ கேமைத் திட்டினாள். திரையில் பனி மூடிய வீடு. ஒன்பது முறை அழுத்திவிட்டாள்.

என் சின்ன வயதில், தமிழர் வீடுகளைத் தாக்கிய கலவரத்தன்று, கண்டியில் எங்கள் பின்கதவும் திறக்கவில்லை. பயத்தில் அப்பா அன்று காலைதான் மூன்றாவது தாழ்ப்பாளை அடித்திருந்தார், அவசரத்தில் தலைகீழாக. வெளியே எங்களை ஒளித்துவைக்க வந்த சிங்கள அயலவர் காத்து நின்றார். முன்கதவில் கற்கள் விழுந்தன.

“தூக்கி இழுங்கோவன்!” என்றாள் அம்மா.

“இழுக்கிறன்தானேயப்பா, இறுகிப்போச்சு!” என்றார் அப்பா.

பன்னிரண்டாம் இழுப்பில் திறந்தது. நாங்கள் தப்பினோம், வீடு எரிந்தது. பிறந்து வளர்ந்த வீட்டில் கடைசியாக நான் பார்த்தது அந்தத் தாழ்ப்பாளை மட்டும்தான்.

பேத்தி பத்தாம் முறை அழுத்துகிறாள். கண்ணெல்லாம் அந்தக் கதவில்தான்; வீட்டை மூடிய பனியை அவள் பார்க்கவேயில்லை.