கடைசிக் கண்ணைத் தாண்டிய பிறகு

பார்சல் பிரிக்கும் கூடத்தின் மேற்பார்வையாளரை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "முழம்" என்றால்தான் தெரியும். பெல்ட்டில் ஓடுகிற பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு முழம் இடம் இருக்க வேண்டும் என்று இருபத்திரண்டு வருடமாகத் தொண்டை வறளக் கத்தியதற்குக் கிடைத்த பட்டம் அது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதுதான் உண்மையான பெயரென்று நினைத்து, விடுப்பு விண்ணப்பத்தில் "மதிப்புக்குரிய முழம் அவர்களுக்கு" என்று எழுதிக் கொடுத்தார். முழத்துக்கு வந்த கோபத்தில் அந்த ஆளுக்கு விடுப்பே கிடைக்கவில்லை.

கோபம் அவருக்கு மூக்கு நுனியில்தான் குடியிருந்தது. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வேலை அப்படி. வரிசையாக மூன்று குட்டை பெல்ட்டுகள். முதலாவது மெதுவாகப் போகும், இரண்டாவது அதைவிட வேகம், மூன்றாவது இன்னும் வேகம். ஒட்டிக்கொண்டு வருகிற பெட்டிகள் வேகம் மாறும் இடத்தில் தாமாகவே விலகிக்கொள்ளும். ஒவ்வொரு பெல்ட்டின் முடிவிலும் ஒரு கண் உண்டு. கண் என்றால் குறுக்கே பாயும் ஓர் ஒளிக்கோடு, அவ்வளவுதான். பெட்டி அதை மறைக்கும்போது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று கணினி குறித்துக்கொள்ளும். இடைவெளி போதவில்லை என்றால் பின்னால் வருவதை அரை நொடி பிடித்து வைத்து அனுப்பும்.

கடைசிக் கண்ணைத் தாண்டிவிட்டால் பெட்டி நீளமான பெல்ட்டில் ஏறி, விலாசம் படிக்கிற வளைவுக்குள் புகுந்து, அந்தப் பக்கம் இருக்கிற இருபத்துநான்கு சரிவுகளில் தன் ஊருக்கான சரிவு வரும்போது ஒரு கட்டையால் பக்கவாட்டில் தள்ளப்படும். அந்தக் கட்டைக்குக் கண் கிடையாது. கடைசிக் கண்ணில் பார்த்த பெட்டி இத்தனை அடி ஓடியிருக்கும், ஆகவே இப்போது இங்கே இருக்கும் என்ற கணக்கை நம்பி அடிக்கும். நடுவில் பெட்டி நான்கு விரல் நகர்ந்திருந்தால் போச்சு. கண் மருந்து போக வேண்டிய ஊருக்குச் செருப்பு போய்ச் சேரும்.

மூன்று வாரத்துக்கு முன்பு புது வளைவு வந்தது. பழையது இருந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளிப் பொருத்தியதில், கடைசிக் கண்ணுக்கும் வளைவுக்கும் நடுவில் பெல்ட் பத்தடிக்குத் திறந்து கிடந்தது. அன்றிலிருந்து பிடித்தது சனி. மதிய ஷிஃப்டில் தினமும் நாற்பது, ஐம்பது பெட்டிகள் சரிவு மாறி விழுந்தன. காலை ஷிஃப்டில் ஒன்றுகூட இல்லை. முழம் கண்களைத் துடைத்தார். பெல்ட்டை இறுக்கினார், தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். வேகத்தை மாற்றினார். பட்டறையில் உட்கார மனமில்லாமல் வளைவுக்குப் பக்கத்திலேயே தன் மதிய ஷிஃப்ட் முழுக்கக் காவல் நின்றார். எண்ணிக்கை அறுபதைத் தொட்டது.

"மிஷினோட மல்லுக்கட்டலாம். இந்த மனுஷங்களோட என்னால முடியல" என்று வீட்டில் மனைவியிடம் புலம்பினார். காலை நேரம். மனைவி கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இவர் பின்னாலேயே போய்ச் சட்டைக்கும் சட்டைக்கும் நடுவில் இடம் விட்டுக் கிளிப்பை மாற்றி மாட்டிக்கொண்டு வந்தார்.

"துணி காயறதுக்கு வெயில் போதும். நீங்க வேண்டாம், கொஞ்சம் நகருங்க."

"காத்து போகணும்ல?"

"பெட்டிக்காரம்மா மேல எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"குடுத்துட்டேன். காலைக்கும் மதியத்துக்கும் மிஷின் அதேதான், பெல்ட் அதேதான். மாறுறது ஆள்தானே? மதியத்துல பெட்டி வைக்கிறது அந்தம்மா. வேற யாரு?"

மனைவி கையிலிருந்த துண்டை உதறாமல் அப்படியே நின்றாள். "போன வருஷம்தானே அவளுக்கு வயித்துல ஆபரேஷன் ஆச்சு? நாம போய்ப் பாத்துட்டு வந்தோமே. கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலையா?"

முழம் இன்னொரு கிளிப்பை நகர்த்தினார். அவருக்கும் அது உறுத்தாமல் இல்லை. பெட்டிக்காரம்மா பன்னிரண்டு வருடமாக முதல் பெல்ட்டில் நிற்பவள். பெட்டி மேலிருந்து சறுக்குப் பலகையில் தானாக இறங்கி வரும். விலாசம் மேலே தெரிகிற மாதிரி திருப்பி பெல்ட்டில் தள்ளினால் போதும், தூக்க வேண்டியதில்லை. அங்கிருந்து எடுத்தால் லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலைதான் காலியாக இருந்தது. அதை அவளால் செய்ய முடியாது. முடியாது என்றால் வீட்டுக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதல் பெட்டிக்காரம்மா லாரிப் பக்கம். அவள் அந்தத் தாளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக முழத்திடம் வந்தாள்.

"நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாண்ணே?"

"ஆமா. எனக்கென்ன உன்மேல பகையா? நீ ஒழுங்கா வச்சா பெட்டி ஏன் மாறுது?"

"நான் ஒழுங்காத்தான் வைக்கிறேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. உன் கை என்ன பண்ணுதுன்னு வீடியோவுல போட்டுக் காட்டவா?"

"காட்டுங்க. என் கையை மட்டும் இல்ல, எல்லார் கையையும் காட்டுங்க."

இந்தத் திமிர்தான் அவருக்கு ஆகாது. விறுவிறுவென்று கேமரா அறைக்குப் படியேறினார். அங்கே நாள் முழுக்கத் திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு "சினிமா" என்று பெயர். நேற்றைய மதிய ஷிஃப்டைப் போடச் சொன்னார். ஒரு மணி நேரம் பெட்டிக்காரம்மாவின் கைகளையே பார்த்தார். திருப்பு, தள்ளு, திருப்பு, தள்ளு. அலுப்பூட்டும் அளவுக்குச் சுத்தமான வேலை. ஒரு பெட்டிகூட இன்னொன்றை இடிக்கவில்லை. முழத்துக்கு எரிச்சல் ஏறியது. தப்பு கிடைக்காத எரிச்சல்.

"கடைசிக் கண்ணுக்கு அந்தப் பக்கம் காட்டு."

சினிமா திரையை மாற்றினாள். பெட்டிகள் கண்ணைத் தாண்டி, ஒரு முழம் இடைவெளியோடு, கச்சிதமாக வந்தன. ஒன்று மட்டும் கொஞ்சம் கோணலாக வந்தது. திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கோணல் பெட்டியை நேராக்கிவிட்டு, போனால் போகிறதென்று முன்பக்கம் ஒரு தட்டும் தட்டியது.

முழம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "யாரது? எவன் கை அது? கண்ணைத் தாண்டின பெட்டியைத் தொடலாமா? கணக்கே போச்சே! மூணு வாரமா என் உசுரை வாங்கினது இவன்தானா? ஆளைக் காட்டு, இன்னிக்கு நான் உண்டு இல்லேன்னு பண்ணிடறேன்!"

சினிமா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "சார், காட்டவா?"

"காட்டுங்கறேன்!"

அவள் படத்தைப் பெரிதாக விரித்தாள். மேலிருந்து எடுத்த படம். முதலில் தெரிந்தது ஒரு வழுக்கை. இத்தனை பெரிய வழுக்கை தனக்கு இருப்பது முழத்துக்கு அன்றுதான் தெரியும்.

அவர் மெல்ல உட்கார்ந்தார். சினிமா கேட்காமலேயே சரிவு மாறின பெட்டிகளின் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். கை நீண்ட நேரம் ஒன்று, பெட்டி மாறின நேரம் ஒன்று. அந்த ஒரு மணி நேரத்தில் கை பதினொரு தடவை நீண்டிருந்தது. பதினொன்றும் பட்டியலில் இருந்தது. காலைக்கும் மதியத்துக்கும் மாறுகிற ஆள் யாரென்று அவர் சரியாகத்தான் யோசித்திருந்தார், தன்னை எண்ணவில்லை, அவ்வளவுதான். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

மேலாளர் விஷயத்தைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உத்தரவு போட்டாச்சு, மேலிடத்துக்கும் போயாச்சு. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க. திங்கட்கிழமையிலேருந்து நீங்க பெல்ட் பக்கம் போகாம இருங்க. தப்பு தானா நின்னுடும். அந்தம்மா போனதால நின்னுச்சுன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. உங்க மானமும் போகாது, என் மானமும் போகாது."

யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். சினிமாவும் வாய் திறக்க மாட்டாள். அந்த யோசனை ஒரு கணம் முழத்துக்கு இனித்தது, அதை இல்லை என்று சொல்ல முடியாது. அடுத்த கணம் பெட்டிக்காரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு லாரிக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி மனசுக்குள் வந்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவருடைய கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

"என்ன சார் பேசறீங்க? தொட்டது நான், வெளியே போறது அவளா? தாளை எடுங்க."

எடுத்தார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியவர். "தவறுக்குக் காரணம்" என்ற கட்டத்தில் எத்தனையோ பேரை எழுதியிருக்கிறார். தன் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை. எழுதி முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேலாளர் முகத்தைச் சுளித்துக்கொண்டே உத்தரவை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்.

கீழே வந்தார். பெட்டிக்காரம்மா நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தாள்.

"உத்தரவு ரத்தாயிடுச்சும்மா. நீ இங்கேயே இருக்கலாம்."

அவள் கை ஒரு நொடி நின்றது. கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் திருப்பினாள்.

"தப்பு என்னுதுதான்" என்றார் முழம். "நான்தான் பெட்டியைத் தொட்டிருக்கேன்."

"தெரியும்ணே."

"தெரியுமா? தெரிஞ்சும் வாயில கொழுக்கட்டையா? சொல்ல வேண்டியதுதானே?"

இப்போது அவள் நிமிர்ந்தாள். "மூணு தடவை சொன்னேன். தொடாதீங்கண்ணேன்னு. முதல் தடவை 'எனக்கே பாடம் நடத்துறியா'ன்னீங்க. அடுத்த தடவை திரும்பியே பாக்கல. அப்புறம் ஒரு நாள், எல்லார் முன்னாடியும், 'வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு'ன்னீங்க. மேலாளர்கிட்ட போய்ச் சொன்னேன், 'முழத்தைப் பத்தி நீ சொல்றியா'ன்னு சிரிச்சாரு. அதுக்கப்புறம் நான் என்னண்ணே பண்றது?"

முழம் யோசித்துப் பார்த்தார். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் அந்த மூன்றில் ஒன்றுகூட அவருக்கு ஞாபகத்தில் இல்லை. அவள் குரலே காதில் விழுந்ததாக நினைவில்லை. அறிக்கையில் பெயர் எழுதியபோது வராத வலி அப்போதுதான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு வளைவுப் பக்கம் நடந்தார்.

பெல்ட்டில் ஒரு பெட்டி கடைசிக் கண்ணைத் தாண்டி வந்தது. நல்ல கோணல்.

"அண்ணே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

இந்தத் தடவை கேட்டது. நீண்டிருந்த கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். பெட்டி கோணலாகவே வளைவுக்குள் போய், கோணலாகவே வெளியே வந்து, ஒன்பதாவது சரிவில் போய் விழ வேண்டியது அங்கேயே விழுந்தது. அடுத்ததும் கோணலாகத்தான் வந்தது. முழம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே, அதையும் போகவிட்டார்.